லிஸ்பனில் இருவர் சுற்றினால்: எது மதிப்பு, எங்கே சறுக்கும்

நண்பரோடு மூன்று நான்கு நாள் போய்வர ஐரோப்பாவில் ஒரு நகரத்தைச் சொல்லச் சொன்னால், தயங்காமல் லிஸ்பனைச் சொல்லலாம். நகரின் மையம் சிறியது. விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. உணவகத்தில் வரும் தட்டு இருவர் பங்குபோட்டுச் சாப்பிடும் அளவு. முக்கால் மணி நேரம் ரயிலில் உட்கார்ந்தால் ஒரு பக்கம் அட்லாண்டிக் கரை, இன்னொரு பக்கம் மலைமேல் அரண்மனை. இங்கே பயணம் கெடுவதும் பெரும்பாலும் குறிப்பிட்ட சில இடங்களில்தான்: டிக்கெட் அட்டை, 28ஆம் எண் டிராம், பக்கத்து மலையூர் சிந்த்ராவின் அரண்மனைக்கான நுழைவு நேரம், திங்கட்கிழமை. நான்கையும் கிளம்பும் முன்பே இருவரும் பேசி முடித்துவிட்டால் நடுத்தெருவில் மனஸ்தாபம் வராது.

அட்டையிலிருந்து தொடங்குவோம். விமான நிலைய மெட்ரோ நிலையத்தின் இயந்திரத்தில் நவெகாண்டெ என்ற அட்டையை வாங்க வேண்டும். வெற்று அட்டை 50 சென்ட், ஓராண்டு செல்லும். ஆளுக்கு ஒன்று கட்டாயம். ஒரே அட்டையை இரண்டு முறை தட்டி இருவர் உள்ளே போக முடியாது. ஒருவர் கதவுக்கு அந்தப் பக்கமும் மற்றவர் இந்தப் பக்கமுமாக மாட்டிக்கொள்வது விமான நிலைய மெட்ரோவில் சாதாரணமாகப் பார்க்கக்கூடிய காட்சி. வெளியே வரும்போதும் அட்டையைத் தட்டியாக வேண்டும், அதனால் பெட்டியின் அடியில் செருகி வைக்காதீர்கள்.

அட்டையில் மூன்று வழிகளில் பணம் போடலாம். ஒற்றைப் பயணம், 24 மணி நேரச் சீட்டு, 'சாப்பிங்' எனப்படும் முன்பண இருப்பு. 2025 கட்டணப்படி ஒற்றைப் பயணம் 1.85 யூரோ, 24 மணி நேரம் 7 யூரோ, சாப்பிங்கில் ஒரு பயணம் 1.66 யூரோ. கணக்கு எளிது: ஒரே நாளில் ஐந்து முறையோ அதற்கு மேலோ ஏறி இறங்குவதானால் 24 மணி நேரச் சீட்டு, இல்லையென்றால் சாப்பிங். 24 மணி நேரம் என்பது நாள்காட்டி நாள் அல்ல, முதல் தட்டலிலிருந்து ஓடும் கடிகாரம். பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கினால் மறுநாள் பிற்பகல் இரண்டு வரை உண்டு. மாலையில் வந்திறங்குபவர்கள் அதை அன்றிரவே தொடங்கி வீணாக்காமல் மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்வது நல்லது.

பலர் தடுமாறும் இடம் வேறு. ஒரு அட்டையில் ஒரு வகைதான் இருக்கலாம். சாப்பிங் இருப்பு மிச்சமிருக்கும் அட்டையில் 24 மணி நேரச் சீட்டை ஏற்ற இயந்திரம் மறுத்துவிடும். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்க, ஏன் என்று புரியாமல் நிற்பார்கள். தீர்வு இன்னொரு 50 சென்ட் அட்டை வாங்குவதுதான். ஒன்றில் நகரச் சீட்டு, மற்றொன்றில் சாப்பிங் என்று பிரித்து வைப்பது நடைமுறைக்கு வசதி. காரணம், சாப்பிங் இருப்பு சிந்த்ரா, காஷ்காய்ஷ் புறநகர் ரயில்களிலும் ஆற்றைக் கடக்கும் படகிலும் செல்லும். சாதாரண 24 மணி நேர நகரச் சீட்டு அங்கே செல்லாது. மெட்ரோ கதவில் வங்கி அட்டையையே தட்டிப் போகலாம், ஆனால் அப்போது முழு ஒற்றைக் கட்டணம் பிடிக்கப்படும். டிராமில் ஓட்டுநரிடம் வாங்கினால் 2025 நிலவரத்தில் 3.20 யூரோ, ஏறக்குறைய சாப்பிங்கைப் போல் இரு மடங்கு.

மெட்ரோ சேவையைப் பொறுத்தவரை முழு மனதோடு பாராட்டலாம். நான்கு தடங்கள், நிறப் பெயர்கள், காலை ஆறரையிலிருந்து இரவு ஒரு மணி வரை. விமான நிலையத்திலிருந்து சிவப்புத் தடத்தில் ஏறி அலமேடாவில் இறங்கி, பச்சைத் தடத்துக்கு மாறினால் ரோசியு, பைஷா-ஷியாது, காய்ஷ் டு சொத்ரே எல்லாம் வரிசையாக வரும். மாறும் நேரத்தையும் சேர்த்து அரை மணியைக் கொஞ்சம் தாண்டும். ஒரு எச்சரிக்கை உண்டு. ரோசியு மெட்ரோவும் ரோசியு ரயில் நிலையமும் ஒன்றல்ல. மெட்ரோ சதுக்கத்தின் கீழே இருக்கிறது. சிந்த்ரா ரயில் புறப்படும் நிலையம் சதுக்கத்தின் மறுமூலையில், நீலத் தடத்தின் ரெஸ்தௌராதோரெஷ் நிலையத்தை ஒட்டி இருக்கிறது. அதிலும் நடைமேடைகள் மேல்தளத்தில். பிரிந்து சுற்றிவிட்டு "ரோசியுவில் சந்திப்போம்" என்று சொல்பவர்கள் இரண்டு வெவ்வேறு வாசல்களில் காத்துக்கிடப்பார்கள். சந்திக்கும் இடமாக ஒரு சிலையையோ ஒரு கடை வாசலையோ குறிப்பிட்டுவிடுங்கள்.

இனி 28ஆம் எண் டிராம். மார்த்திம் மொனிஷில் தொடங்கி கிராசா, அல்ஃபாமா, பைஷா, ஷியாது, எஷ்ட்ரெலா பகுதிகள் வழியாகக் காம்பு தெ ஒரீக் கல்லறைத் தோட்டம் வரை போகிறது. 1930களில் கட்டிய உடல், உள்ளே புதிய மோட்டாரும் பிரேக்கும். தண்டவாள அகலம் வெறும் 900 மில்லிமீட்டர். அல்ஃபாமா வளைவுகளில் சன்னலுக்கு வெளியே கை நீட்டினால் சுவரைத் தொடலாம், நீட்டக் கூடாது. பாதையாகப் பார்த்தால் ஐரோப்பாவிலேயே இவ்வளவு அழகான நகரச் சவாரி குறைவு. சேவையாகப் பார்த்தால் பகல் பத்து மணிக்கு மேல் அதைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. இருக்கைகள் இருபதுதான் இருக்கும். மார்த்திம் மொனிஷ் வரிசை கோடையில் ஒரு மணி நேரத்தைத் தொடும். உள்ளே நெருக்கியடித்து நிற்கையில் வெளியில் ஒன்றும் தெரியாது, பிக்பாக்கெட் கும்பலுக்கும் அதுதான் வேலை செய்ய வாகான இடம். இருவர் போகும்போது ஒருவர் படம் எடுக்க, மற்றவர் அவருக்கு முதுகு காட்டி நிற்பதுதான் பர்ஸ் தொலையும் கணம். பைகளை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.

ஆசை தீரவில்லையென்றால் மூன்று வழிகள் உண்டு. காலை எட்டு மணிக்கு முன் போங்கள். அல்லது மறுமுனையான காம்பு தெ ஒரீக்கில் ஏறுங்கள், அங்கே கூட்டம் கணிசமாகக் குறைவு. அதுவும் ஒத்துவராவிட்டால், அதே வகைப் பழைய வண்டி ஓடும் 24ஆம் எண் தடத்தில், கமோயிஷ் சதுக்கத்திலிருந்து காம்போலீடு வரை போங்கள். அல்ஃபாமாவின் வளைவுகள் அதில் கிடைக்காது, உட்கார இடம் கிடைக்கும். நகரின் மேற்கே ஆற்றங்கரையிலுள்ள பெலெமுக்குப் போகும் 15ஆம் எண்ணில் நீளமான புதிய வண்டிகள் ஓடுகின்றன. அதிலும் பிற்பகலில் நெரிசல்தான். காய்ஷ் டு சொத்ரேயிலிருந்து காஷ்காய்ஷ் ரயிலில் ஏறிப் பெலெமில் இறங்குவது வேகமான வழி. எல்லா ரயிலும் பெலெமில் நிற்காது, பலகையைப் பார்த்து ஏறவும்.

மேட்டில் ஏற்றிவிடும் பியூனிக்குலர்களை நம்பித் திட்டம் போடாதீர்கள். 2025 செப்டம்பர் 3 அன்று க்ளோரியா பியூனிக்குலரின் பெட்டி தடம் புரண்டு மோதியதில் 16 பேர் இறந்தார்கள். இரு பெட்டிகளையும் இணைத்த கேபிள் அதன் பிடிமான இடத்தில் விட்டுப்போனதாக விசாரணையின் தொடக்க அறிக்கை சொன்னது. அதன் பிறகு மற்ற பியூனிக்குலர்களும் சோதனைக்காக நிறுத்தப்பட்டன. 1902இல் திறந்த சாந்தா ஜூஸ்டா இரும்பு லிஃப்டும் அதே சமயம் நிறுத்தப்பட்டது. எது இயங்குகிறது என்று போகும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் காசில்லாமலே மேடேறும் வழிகள் நகருக்குள் இருக்கின்றன, அவைதான் இந்நகரம் செய்யும் மிக நல்ல உபகாரம். தாழ்வான மையப் பகுதியான பைஷாவிலிருந்து மேட்டிலுள்ள சாவ் ஜோர்ஜ் கோட்டைக்குப் போக ருவா தோஷ் ஃபங்கெய்ரோஷ் தெருவில் ஒரு கட்டடத்துக்குள் இலவச லிஃப்ட் உண்டு. ஏறினால் ருவா த மதலேனாவில் விடும். தெருவைக் கடந்து சற்று நடந்தால் ஷாவ் டு லொரெய்ரு பழைய சந்தைக் கட்டடத்தில் இரண்டாவது லிஃப்ட். அது கோட்டைச் சரிவின் நடுவில் கொண்டுபோய் விடும். பைஷாவிலிருந்து ஷியாதுவுக்கு ஏற, பைஷா-ஷியாது மெட்ரோ நிலையத்துக்குள் போய் நகரும் படிகளில் மேலே வரலாம். டிக்கெட் கதவைத் தாண்ட வேண்டியதில்லை, பணமும் இல்லை. கோடை வெயிலில் இந்த இரண்டு வழிகளும் ஒரு நாளின் களைப்பைப் பாதியாகக் குறைத்துவிடும். கால்கள் பட்டுத் தேய்ந்து வழவழப்பான சுண்ணாம்புக் கல் பதித்த நடைபாதைகளில் மழை பெய்தால் வழுக்கும். கூடவே இறக்கமும் சேர்ந்தால் விழுவது நிச்சயம். புதிய ரப்பர் அடியுள்ள காலணி போதும், தோல் அடி வேண்டாம்.

தங்குமிடம் பற்றிச் சுருக்கமாக. அல்ஃபாமா பார்க்க அழகு, பெட்டி இழுக்கக் கொடுமை. பெரும்பாலான பழைய வீடுகளில் லிஃப்ட் கிடையாது, படிகள் செங்குத்து. முகவரியில் '3.º எஸ்க்' என்றிருந்தால் தரைத்தளத்துக்கு மேல் மூன்று மாடி ஏறி இடது கதவு. 'டிடோ' (Dto) என்றால் வலது. பைஷாவும் அவெனீதா த லிபர்தாதெ பெருஞ்சாலையை ஒட்டிய தெருக்களும் சமதளம், மெட்ரோ பக்கம், இருவருக்கு அவையே சரி. நகர வரி ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 4 யூரோ, ஏழு இரவுகள் வரை. 13 வயதானவர்களிலிருந்து எல்லோருக்கும் உண்டு. முன்பதிவு விலையில் பெரும்பாலும் சேர்ந்திருக்காது. நான்கு இரவுக்கு இருவருக்கு 32 யூரோ என்று தனியாக ஒதுக்குங்கள்.

சாப்பாட்டில் இந்நகரம் இரு நண்பர்களைத்தான் மனதில் வைத்திருக்கிறது. சாதாரண தாஷ்கா எனப்படும் சிறு உணவகங்களில் பட்டியலில் இரண்டு விலை இருக்கும்: 'டோஸ்', 'மெய்யா டோஸ்'. முழு டோஸ் இருவருக்குப் போதும். மெய்யா டோஸ் ஒருவருக்குத் தாராளம். ஆளுக்கொரு முழு டோஸ் சொல்லிவிட்டுப் பாதியை மீதம் வைப்பது பணமும் வீண், உணவும் வீண். இருவேறு மெய்யா டோஸ் சொல்லி நடுவில் வைத்துச் சாப்பிட்டால் ஒரே வேளையில் இரண்டு ருசி. மதிய நேரத்தில் 'ப்ராத்து டு தியா' என்ற அன்றைய தட்டைக் கேளுங்கள். நல்ல சமையல் அதில்தான் இருக்கும், விலையும் குறைவு. பல இடங்களில் மூன்று மணிக்கு அடுப்பை அணைத்து மாலை ஏழரைக்குத்தான் மறுபடி பற்றவைப்பார்கள். நாலரைக்குப் பசித்தால் கஃபேதான் கதி.

கேட்காமல் மேசையில் வைக்கப்படும் ரொட்டி, ஆலிவ், வெண்ணெய், சீஸ் இலவசமல்ல. 'கூவெர்' என்று பில்லில் தனித்தனியாக வரும். கேட்காத, தொடாத பண்டத்துக்குப் பணம் வசூலிக்கப் போர்த்துகல் சட்டம் இடம் தரவில்லை. வேண்டாமென்றால் வைத்தவுடனே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரு துண்டு கடித்துவிட்டால் அது உங்கள் கணக்கு. இதைவிடப் பெரிய அடி மீன் விலையில் விழும். கண்ணாடிப் பெட்டியில் பனிக்கட்டி மேல் அடுக்கியிருக்கும் மீனுக்கும் பெரிய இறாலுக்கும் பட்டியலில் எழுதியிருப்பது கிலோ விலை. "இந்த மீன் எவ்வளவு?" என்று எடை போட்டுக் கேட்ட பிறகே சம்மதியுங்கள். நெத்திலியைவிடப் பெரிய, முள் நிறைந்த மத்தி வகையான சார்டின் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கொழுப்பேறி நன்றாக இருக்கும். பிப்ரவரியில் கிடைப்பது உறையவைத்தது. காய்கறி மட்டும் உண்பவர் ஒருவர் கூட இருந்தால் கால்டு வெர்டெ சூப்பில் பன்றி இறைச்சித் தொத்திறைச்சித் துண்டு மிதக்கும் என்பதை நினைவில் வையுங்கள். இருவரின் வாய்க்கும் ஒத்துவராதபோது காய்ஷ் டு சொத்ரே எதிரிலுள்ள ரிபெய்ரா சந்தையின் உணவுக்கூடம் கைகொடுக்கும். விலை கூடுதல், சத்தம் அதிகம், ஆனால் ஆளுக்கொரு கடையில் வாங்கிவந்து ஒரே மேசையில் உட்காரலாம்.

பெலெமின் முட்டைக்கூழ் பேஸ்ட்ரிக் கடை 1837லிருந்து நடக்கிறது. தெருவில் நீளும் வரிசையைப் பார்த்துப் பலர் திரும்பிவிடுகிறார்கள், அது அவசியமில்லை. அந்த வரிசை எடுத்துப்போவதற்கானது. உள்ளே நீல ஓடுகள் பதித்த அறை அறையாக நூற்றுக்கணக்கான இருக்கைகள் இருக்கின்றன, அதற்கு வழி தனி, பெரும்பாலும் சீக்கிரம் இடம் கிடைக்கும். மேல்புறம் கருத்த புள்ளிகள், அடியில் நொறுங்கும் மெல்லிய அடுக்குகள், நடுவில் அதிகம் இனிக்காத கூழ். பட்டைத் தூளும் மாவுச் சர்க்கரையும் தூவிச் சூடாகவே சாப்பிட வேண்டும். ஆறு கொண்ட காகித உறையை வாங்கி அறைக்கு எடுத்துப்போனால் இரவுக்குள் அடுக்குகள் ஈரம் ஏறித் தோல்போல் ஆகிவிடும். ருசியில் இதற்குச் சமமாக ஷியாதுவின் மந்தெய்கரியாவைச் சொல்வேன். அங்கே அடுப்பிலிருந்து தட்டு வெளியே வரும்போது மணி அடிப்பார்கள். அடித்ததும் உள்ளே போங்கள். நின்றுகொண்டே 'பிக்கா' எனும் சிறு காபியோடு சாப்பிடுவது முறை. பல கஃபேக்களில் நின்று குடிப்பதற்கு ஒரு விலை, வெளி மேசைக்கு வேறு விலை.

அதே பெலெமில்தான் திங்கட்கிழமைச் சோகமும் நடக்கும். ஜெரோனிமோஸ் மடம் திங்களன்று மூடியிருக்கும். நான்கு நாளில் ஒன்று திங்களாக அமைந்தால் அன்று கோட்டைக்கோ சிந்த்ராவுக்கோ போங்கள். மடத்தில் உள்முற்றத்துக்குத்தான் டிக்கெட். தேவாலயத்துக்கு இல்லை, வரிசையும் வேறு. 1498இல் கோழிக்கோட்டில் வந்திறங்கிய வாஸ்கோ ட காமாவின் கல்லறை அந்தத் தேவாலயத்திலேயே, நுழைந்தவுடன் இருக்கிறது. உள்முற்றத்தின் கல் வேலைப்பாடு டிக்கெட் காசுக்கு முழுத் தகுதியானது. கப்பல் கயிறு, பவழம், கடல் விலங்கு என்று ஒவ்வொரு தூணும் வேறு. ஆற்றங்கரையிலுள்ள பெலெம் கோபுரம் 2025இல் பராமரிப்புக்காக மூடப்பட்டது. திறந்திருந்தாலும் உள்ளே ஒருவழிப் போக்குவரத்தாக விடும் குறுகிய சுழல்படிதான். வெளியிலிருந்து பார்ப்பதே நிறைவு.

சிந்த்ராவுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், ஆனால் மூன்று அரண்மனைகளை அடுக்காதீர்கள், இரண்டு போதும். ரோசியுவிலிருந்து ரயில் சுமார் 40 நிமிடம். பெனா அரண்மனைக்கு இணையத்தில் நேரம் குறித்து டிக்கெட் வாங்கவேண்டும். அந்த நேரம் பூங்காவின் வாசலுக்கானது அல்ல, மேலே அரண்மனைக் கதவுக்கானது. பூங்கா வாசலிலிருந்து அரண்மனைக்கு ஏற்றத்தில் அரை மணி நடை. உள்ளே ஓடும் சிற்றுந்துக்குத் தனிக் காசு. தாமதமாக வந்தால் சலுகை இல்லை, பணமும் திரும்பாது. இப்படிக் கணக்கிடுங்கள்: எட்டு மணி ரயில், 8.40க்குச் சிந்த்ரா, 434ஆம் எண் பஸ்ஸுக்கு வரிசையும் பயணமும் சேர்த்து அரை மணி முதல் முக்கால் மணி, பிறகு அரை மணி ஏற்றம். ஆக பத்தரைக்குக் குறைந்த நேரத்தை எடுக்காதீர்கள். பஸ் மலையை ஒரே திசையில் சுற்றிவரும், அதனால் தவறான நிறுத்தத்தில் இறங்கினால் எதிர்ப்பக்கம் பஸ் கிடையாது.

இன்னொன்று மூடுபனி. லிஸ்பனில் வெயில் சுட்டெரிக்கும்போதே, கடற்காற்று மோதும் அந்த மலையின் உச்சி பனியில் மூடியிருக்கலாம். பெனாவின் மஞ்சளும் சிவப்பும் பத்தடிக்கு அப்பால் மறைந்துவிடும். அன்று பார்வைக்காக மூர் கோட்டைக்கு ஏறுவதில் பயனில்லை. கீழே கின்டா த ரெகலெய்ராவுக்குப் போங்கள். 27 மீட்டர் ஆழத்தில் சுழல்படிகளோடு இறங்கும் கிணறும், அதன் அடியிலிருந்து பிரியும் சுரங்கப் பாதைகளும் பனியில் இன்னும் நன்றாக இருக்கும். திரும்பும் முன் ஊருக்குள் பெரிகீத்தாவில் பாதாம் கூழ் வைத்த திராவெசெய்ரு பேஸ்ட்ரி.

இருவரின் விருப்பமும் மோதும் பிற்பகல் ஒன்று எல்லாப் பயணத்திலும் வரும். அன்று பிரிந்துபோங்கள். ஒருவர் கடைத்தெருவுக்குப் போகட்டும். மற்றவர் காய்ஷ் டு சொத்ரேயிலிருந்து கசில்யாஷ் படகில் ஏறட்டும், பத்து நிமிடம், சாப்பிங்கிலேயே போகலாம். அக்கரையிலிருந்து மாலை வெளிச்சத்தில் தெரியும் லிஸ்பனுக்கு எந்தக் காட்சிமேடையும் ஈடாகாது.

பணம் எடுக்க மல்டிபாங்கு என்ற பெயருள்ள ஏடிஎம்களைத் தேடுங்கள். உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடட்டுமா என்று திரை கேட்டால் மறுத்து யூரோவையே தேர்ந்தெடுங்கள். சிறு தாஷ்காக்கள் வெளிநாட்டு அட்டையை ஏற்காமல் போகலாம், ஆளுக்கு 30 யூரோ ரொக்கம் இருக்கட்டும். பில்லில் தகராறு வந்தால் குரலை உயர்த்த வேண்டாம், 'லிவ்ரு தெ ரெக்லமசோயிஷ்' என்று புகார்ப் புத்தகத்தைக் கேளுங்கள். ஒவ்வொரு கடையும் அதை வைத்திருப்பதும் கேட்டவுடன் தருவதும் சட்டக் கட்டாயம். எழுதியதை 15 வேலை நாளுக்குள் மேற்பார்வை அமைப்புக்கு அவர்கள் அனுப்பியாக வேண்டும். புத்தகத்தைக் கேட்ட மாத்திரத்தில் பல பில்கள் திருந்திவிடும். பாஸ்போர்ட்டோ பர்ஸோ திருட்டுப்போனால் ரெஸ்தௌராதோரெஷ் சதுக்கத்தில் பலாசியு ஃபோஸ் கட்டடத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கான காவல் நிலையம் இருக்கிறது. அவசர எண் 112.

கிளம்பும் நாளில் டிக்கெட்டில் முனையம் 1ஆ 2ஆ என்று பாருங்கள். மெட்ரோ முனையம் 1க்குத்தான் வரும். மலிவு விலை விமானங்கள் பலவும் புறப்படும் முனையம் 2க்கு அங்கிருந்து இலவச பஸ் பிடிக்க வேண்டும், அதற்கு மட்டும் இருபது நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். ஷெங்கன் நாடுகளுக்கு வெளியே பறப்பவர்கள் பாஸ்போர்ட் பரிசோதனை வரிசைக்காக இன்னும் ஒரு மணி நேரம் முன்கூட்டியே போய்விடுங்கள். கடைகளும் சாப்பாடும் அந்த வரிசைக்கு முன்பே நிறைய இருக்கின்றன. ஆனால் வரிசையின் நீளம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உட்கார்ந்துவிட வேண்டாம்.